வாளி முல்லை

ஒன்பதே முக்காலுக்கு அவள் ஏழாவது கம்பியில் இருந்தாள்.

வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. சாமான் ஏற்றிய வண்டி கீழே நிற்கிறது. மாடி பால்கனியின் கிரில்லில் சுற்றிக் கிடந்த முல்லைக்கொடி ஒன்றுதான் பாக்கி. அதை அறுக்காமல், ஒடிக்காமல், ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கம்பிகள் மொத்தம் பதினாறு. நடுவில் வாளி. கொடி இரண்டு பக்கமும் போயிருந்தது.

பத்தேகாலுக்குள் புதுக் குடித்தனம் வந்து பால் காய்ச்ச வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பழைய குடித்தனத்தின் பொருள் எல்லாம் வெளியேறியாக வேண்டும். ஹவுஸ் ஓனர் தெய்வானையக்கா இதிலெல்லாம் ரொம்பக் கறார்.

போன மாதம்தான் காலி பண்ணச் சொன்னாள். வேறு குறை ஒன்றும் இல்லையாம். புருஷனை விட்டு வந்து தனியாக இருக்கிறவளுக்கு வீடு கொடுத்திருப்பதாக நாலு பேர் பேசுகிறார்களாம். இனிமேல் குடும்பத்துக்குத்தானாம். வரப்போகிறவளின் புருஷன் துபாயில் இருக்கிறானாம். எங்கேயோ இருக்கட்டும், இருக்கிறான் அல்லவா.

நேற்று அதே வாயால் இன்னொன்றும் சொன்னாள். கொடியை மட்டும் விட்டுவிட்டுப் போகணுமாம். வீடு பார்க்க வந்தவளுக்கு அதுதான் பிடித்ததாம்.

அதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தனியாக இருப்பவள் ஆகாது. அவள் வளர்த்த முல்லை மட்டும் ஆகுமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது ஒரு காலி பெயிண்ட் வாளி. கம்பியைக் காய்ச்சி அடியில் அவளே ஓட்டை போட்டாள். செம்மண், ஆட்டுப்புழுக்கை, ஒரு விரல் நீளக் குச்சி. வாழப் போன வீட்டில் ஒரு கரண்டியைக்கூட என்னுடையது என்று அவளால் சொல்ல முடிந்ததில்லை. இந்த வாளியைச் சொன்னாள். முதல் மொட்டு விட்ட அன்று, ஆளில்லாத பால்கனியில், வாய்விட்டே சொன்னாள்.

எட்டாவது கம்பி.

அவசரப்பட்டால் ஒடியும். அவள் அவசரப்படவில்லை. சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே நிதானமாகச் செய்தாள். அதில் ஒரு சுகம் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

தெய்வானையக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். நீட்டப் போனவளுக்குக் கை அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை. பூக்கிற கொடியில் வெள்ளிக்கிழமை இரும்பு படக் கூடாது என்பது அக்காவின் சட்டம்தான். சாமிக்கு மொட்டுப் பறிக்க வருகிற வாரமெல்லாம் ஒப்பித்த சட்டம்.

கத்தரிக்கோலைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வேறு விதமாக மடக்கப் பார்த்தாள்.

"கிரில்லு எங்களுது அம்மணி. அதுல படந்ததும் எங்களுதுதான்."

"கிரில்லு உங்களுதுதானுங்கக்கா. அதத்தான் உட்டுட்டுப் போறேன்."

அடுப்பு வைக்கிற இடத்தில் கோலம் போட வேண்டும் என்று முணுமுணுத்தபடி அக்கா சமையலறைக்குள் போனாள்.

பத்து மணிக்குப் புதியவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பால் பாத்திரம். அதைச் சுவரில் வைத்தாள். யாரும் கேட்காமலே கிரில்லின் மறுமுனைக்குப் போய்க் குனிந்தாள்.

அங்கே தயிர் டப்பா ஒன்று இருந்தது. கொடியின் ஒரு கிளை அதன் மண்ணுக்குள் இறங்கி, மறுபடி மேலே வந்து, கடைசி மூன்று கம்பிகளில் ஏறியிருந்தது. ஐப்பசி மழையில் அவள் போட்ட பதியம். வேர் பிடித்துவிட்டது. தாய்க்கொடியை விட்டு இன்னும் பிரிக்கவில்லை.

புதியவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"துபாய்ல இருக்கறதா சொல்லியிருக்கேனுங்க. அப்படி யாரும் இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கை தன்பாட்டுக்குக் கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

வெளியே வந்த தெய்வானையக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா..."

டப்பாவுக்கும் தாய்க்கொடிக்கும் நடுவே ஒரே வெட்டு.

மூன்று கம்பி முல்லை கிரில்லிலேயே நின்றது. மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து பிரித்தார்கள். நாலு கை என்பதால் சீக்கிரம் முடிந்தது. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் படி இறங்கினாள்.

வண்டியில் முன்சீட்டு. மடியில் வாளி. முகமெல்லாம் இலை.

மேலே பால் பொங்கியிருக்க வேண்டும். தெய்வானையக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது. "குடும்பம் வந்தாத்தான் வீடு வீடாட்டம் இருக்குது!"

அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

பால்கனியில் புதியவள் மட்டும் நின்றிருந்தாள். ஒரு கையில் பால் கரண்டி. மறு கையால், தொங்கிய நுனி ஒன்றை எடுத்து, காலியாகக் கிடந்த அடுத்த கம்பியில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.