ஒரு பேருக்கு ஒரு திரை

“அண்ணே, கம்ப்யூட்டர் மறுபடியும் என்னை வெளியே தள்ளிடுச்சு!”

மூலை சீட்டிலிருந்து குரல் வந்ததும் மேஜையை ஓங்கித் தட்டினார் மைக்செட். காலையிலிருந்து இதே கூத்து.

மைக்செட் என்பது ஊழியர் சங்கச் செயலாளரின் பட்டப்பெயர். ஒலிபெருக்கி இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் தொண்டை. பெற்றவர்கள் வைத்த பெயரை அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மறந்தே போய்விட்டது.

“ஏம்ப்பா டெக்னீஷியன், இந்தப் பெட்டிக்கு என்னதான் வியாதி?”

டெக்னீஷியன் மேஜைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். “கேபிளை மாத்திட்டேன் சார். பெட்டியையே மாத்திட்டேன். இனிமே மாத்தறதுன்னா என்னைத்தான் மாத்தணும்.”

இன்று காலைதான் பழைய கம்ப்யூட்டர்களை வாரிக்கொண்டு போய், ஆளுக்கொரு செங்கல் அளவுப் பெட்டியை வைத்தார்கள். தின் கிளையன்ட்டாம்.

“உள்ளே என்ன இருக்கு?” என்று அப்போதே கேட்டார் மைக்செட்.

“பெரிசா ஒண்ணும் இல்லை சார். உங்க வேலை, ஃபைல் எல்லாம் மாடியில சர்வர்ல இருக்கு. பேரும் பாஸ்வேர்டும் போட்டா உங்க கம்ப்யூட்டர் இந்தத் திரையில வந்துடும். எந்த சீட்ல உட்கார்ந்தாலும் வரும்.”

“தலைக்குள்ள ஒண்ணும் கிடையாது. மேல இருந்து வர்றதை அப்படியே காட்டும். நிர்வாகம் தன்னை மாதிரியே ஒண்ணைத் தேடிப் பிடிச்சிருக்கு!”

ஆபீஸே சிரித்தது. மூலை சீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

மனுக்களைக் கம்ப்யூட்டரில் பதிவது அவள் வேலை. யார் எத்தனை பதிந்தார்கள் என்பதை சர்வர் எண்ணிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தவர்களைத் தலைமை அலுவலகம் வீட்டுக்கு அனுப்பிவிடும். பக்கத்து சீட் அப்படித்தான் காலியானது.

மேனேஜர் அறைக் கதவு திறந்தது. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயந்த மாதிரி ஒரு முகம்.

“யோவ் டெக்னீஷியன்! என் ரூம்லயும் இதே தொல்லை. பாதி வேலையில பட்டுனு போயிடுது. என்னய்யா மாட்டி வச்சிருக்கே?”

“பார்த்துக்கிட்டே இருக்கேன் சார்.”

“பார்த்துக்கிட்டே இரு!” கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“அவருக்குப் போனா தொல்லை. நம்ம தங்கச்சிக்குப் போனா வேலையே போயிடும்,” மைக்செட் உறுமினார். “பழைய மிஷினைக் கொண்டு வந்து வைக்கச் சொல்லு. இல்லேன்னா இன்னிக்கே வெளிநடப்பு!”

“வெளிநடப்பு பண்ணா இன்னிக்கு எண்ணிக்கை மொத்தமா போயிடுமே அண்ணே...”

“நீ பேசாம இரும்மா. உனக்காகத்தானே தொண்டை கிழியுது!”

டெக்னீஷியன் தன் லேப்டாப்பில் சர்வரைத் திறந்து எதையோ துழாவினார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அட, பெட்டி மேல தப்பே இல்லை! பழைய மிஷின்ல ஒரே பேரை ரெண்டு இடத்துல திறக்கலாம். இதுல ஒரு பேருக்கு ஒரு திரைதான். வேற யாரோ இவங்க பேர்ல உள்ளே வர்றாங்க, உடனே இவங்களை வெளியே தள்ளிடுது. இவங்க திரும்ப உள்ளே போனா அவர் வெளியே. காலையிலிருந்து ஒருத்தரை ஒருத்தர் மாத்தி மாத்தித் தள்ளிக்கிட்டு இருக்கீங்க!”

“யார் அந்த ஆளு?”

டெக்னீஷியன் லேப்டாப்பைப் பார்த்தார். மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தார்.

“நீ சொல்லவே வேணாம்!” மைக்செட் எழுந்துவிட்டார். “வேவு! பாஸ்வேர்டைத் திருடி, ஒரு பொம்பளை வேலைக்கு உலை வைக்கிற வேவு!”

மூலை சீட்டுக்காரியின் முகம் வெளுத்தது. “அண்ணே, கும்பிடறேன், விட்டுடுங்க. நான் சமாளிச்சுக்கறேன்.”

“பயப்படாதே தங்கச்சி. சங்கம் இருக்கு!”

நாலைந்து பேரைத் திரட்டிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளித் திறந்தார்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடி நழுவக் குனிந்து, எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி டைப் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டு மனு. திரையில் அவள் பெயர். அதன்கீழ் பாதி பதிந்த ஒரு மனு.

“தட்டிட்டு வரத் தெரியாதா?” என்று சீறியவர், மனுக்கட்டைக் கையால் மறைக்கப் பார்த்தார்.

“இது... தங்கச்சி பதிய வேண்டிய மனு ஆச்சே?”

“ஆமா. அந்தம்மாவுக்கு விரல் மரத்துப்போச்சு. முன்ன மாதிரி அடிக்க முடியலை. எண்ணிக்கை குறைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? முடிஞ்சதை நான் அடிச்சுச் சேர்க்கிறேன். விஷயம் மேல தெரிஞ்சா எனக்கும் சீட்டு கிழியும். போங்கய்யா, அவங்கவங்க வேலையைப் பாருங்க!”

அப்போதும் அந்த முகம் சிரிக்கவில்லை.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. மைக்செட் மட்டும் மூலை சீட்டுக்கு வந்து நின்றார். பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்:

“ஏம்மா, போயும் போயும் அவர்கிட்டயா சொன்னே? முதல்ல நம்ம சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் விரல்களை நீவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

“முதல்ல உங்ககிட்டதான் சொன்னேன் அண்ணே. ஏகமனதா தீர்மானம் போட்டீங்க.”