முப்பது மாத்திரை, பதினைந்து நாள்

"முப்பது மாத்திரை பதினஞ்சு நாள்ல எப்படிம்மா தீரும்?"

மருந்துக்கடைக்காரர் சீட்டைக் கண்ணாடி மேசைமேல் போட்டார். திருப்பிக் கொடுக்கவில்லை, போட்டார்.

எதிரில் நின்ற அம்மாள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். பக்கத்தில் அவள் மகள், காதில் பெரிய ஹெட்போன், கண் சுவர்க் கடிகாரத்தில். வயது இருபத்திரண்டு ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் அவள் பாப்பாதான். பாப்பாவுக்கு ஆட்டிசம். படுத்தால் தூக்கம் வராது, எத்தனை மணி ஆனாலும் வராது. அதற்காக டாக்டர் எழுதித் தந்தது மெலட்டோனின், ராத்திரிக்கு ஒன்று.

"ஒரு மாசத்துக்கு எழுதியிருக்காரு. நான் தேதி போட்டுத்தான் குடுத்தேன். போன தடவையும் இதே கதை. கணக்குப் பார்த்தா ஒரு நாளைக்கு ரெண்டு ஆகுது. பாப்பாவுக்கு ரெண்டு குடுக்கறீங்களா?"

"இல்ல சார். அவளுக்கு ஒண்ணுதான்."

"அப்ப இன்னொண்ணு?"

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே கால் தாண்டியிருந்தது.

"இப்ப ஒரே ஒரு அட்டை குடுங்க சார். நாளைக்கு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிட்டு வந்துடறேன்."

"இன்னொண்ணு யாரு சாப்பிடறா?"

"நான்தான்."

கண் சொட்டு மருந்துக்காகக் காத்திருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? நியாயம் பேசக் கிடைத்துவிட்டால் அவருக்குக் கடை மூடுகிற நேரம்கூட மறந்துபோகும்.

"நெனச்சேன். போன வாரம் கையைச் சுட்டுக்கிட்டு வந்து களிம்பு வாங்கினீங்களே, அப்பவே நெனச்சேன். புள்ளையோட மாத்திரையை முழுங்கிட்டு வேலைக்குப் போனா, இஸ்திரிப் பெட்டி கையிலதான் ஏறும்."

அவள் மணிக்கட்டில் இருந்த புண்ணை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றார் டீச்சர், யாரிடமும் சொல்லாத மாதிரி. "வாய் திறந்து சொல்லவும் தெரியாது. நாமளும்தான் புள்ளை வளர்த்தோம், தூக்கத்தை விட்டுத்தான் வளர்த்தோம்."

"வீட்ல வேற யாரும் இல்லையா?" கடைக்காரர் விடுவதாக இல்லை.

"நானும் அவளும்தான் சார்."

"அப்ப நீங்க அசந்து தூங்கிட்டா இந்தப் பொண்ணை யார் பாக்கறது? கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டா?"

"போயிட்டா சார், ஒரு தடவை. லாரிக்காரர் ஒருத்தர் கூட்டிட்டு வந்து விட்டாரு."

"கொஞ்சமாவது உறுத்தலையா உங்களுக்கு?"

அவள் பாப்பாவின் காதில் நழுவிய ஹெட்போனைச் சரிசெய்தாள். பதில் சொல்லத் தெம்பில்லாதவளைப் பார்த்தால் தப்பு செய்தவள் மாதிரிதான் இருக்கும்.

"எட்டரை," என்றாள் பாப்பா. "எட்டரை. மாத்திரை."

"வீட்டுக்குப் போயிடலாம்டா."

"எட்டரை. மாத்திரை. எட்டரை. மாத்திரை."

உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வெளியே போகிறவர்கள் நின்று பார்க்கும்படியாக. அம்மாள் நடுவில் தன் கையைக் கொடுத்தாள். அடி அந்தச் சுட்ட கைமேல் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

கடையில் ரகளை ஆகிவிடுமோ என்ற பயத்தில் கடைக்காரர் ஒரு அட்டையை எடுத்து வீசாத குறையாக வைத்தார்.

"பாப்பாவுக்காகத் தர்றேன், உங்களுக்கில்ல. இதுல ஒண்ணை நீங்க தொட்டீங்கன்னு தெரிஞ்சா டாக்டருக்கே போன் போட்டுடுவேன்."

பாப்பா அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். முதல் மாத்திரையைத் தானே அமுக்கி எடுத்தாள். அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

அம்மாள் ஒரு கணம் கடைக்காரரைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து வாங்கி, பையிலிருந்த தண்ணீரைக் குடித்து முழுங்கினாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று விரலால் இழுத்துக் காட்டினாள். பாப்பா குனிந்து உள்ளே பார்த்தாள். திருப்தியான பிறகுதான் இரண்டாவது மாத்திரையை அமுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

"தினமும் இப்படியா?" கடைக்காரர் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா சார். நான் முழுங்கினாத்தான் அவ முழுங்குவா."

"இதே மாதிரி வேற ஏதாவது சத்து மாத்திரையை நீங்க போட்டுக்கலாமே?"

"செஞ்சு பார்த்தேன், கண்டுபிடிச்சுட்டா. ஆறு நாள் என் கையால சாப்பாடே வாங்கல. இதே அட்டை, அவளே எடுக்கணும். வேற எதுவும் நடக்காது."

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"பழக்கத்தை மாத்துங்கன்னாரு. உங்களுக்குச் சேர்த்து எழுத முடியாதுன்னாரு."

"என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"யாருன்னு கேட்டீங்க. சொன்னேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இதைப் போட்டா தூங்கிடறாளா?"

"முன்னாடி விடியக்காலை நாலு மணி ஆகும். இப்ப பன்னெண்டு, ஒண்ணுக்குத் தூங்கிடறா. மூணு மணிக்கு எழுந்து கதவைத் தேடுவா. எந்தப் பூட்டு போட்டாலும் திறந்துடறா சார். நான் கதவுல சாய்ஞ்சு உக்காந்துக்குவேன்."

வேறொன்றும் தோன்றாமல் கடைக்காரர் இன்னும் இரண்டு அட்டைகளை எடுத்து உறையில் போட்டார். "வேற என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா. என்னால ஆனதைச் செய்றேன்."

அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவள் இமை கனத்துத் தாழ ஆரம்பித்திருந்தது. பாப்பா கண் கொட்டாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தூங்காம இருக்கறதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கா சார்?"