முதல் பதில்

குடவாசல் மாதா கோயில் தெரு வாட்ஸ்அப் குழுவில் யார் உதவி கேட்டாலும் முதல் பதில் ஜெரால்டுடையதுதான். பிளம்பரோ, ரத்தமோ, ஆட்டோவோ, ஆளைப் பிடித்து அனுப்பிவிட்டுத்தான் ஓய்வான்.

அன்று காலை அருள்மேரி அக்கா எழுதியிருந்தார்: “ஒரு வீட்டுல ராத்திரியிலேர்ந்து மோட்டார் ஓடுது. டேங்க் வழிஞ்சு தெருவெல்லாம் தண்ணி.”

“காவிரியே காஞ்சு கெடக்கு, யாருக்கா அந்த மகராசன்? கதவைத் தட்டி நாலு திட்டு திட்டுங்க” என்று சிரிப்புப் படத்தோடு போட்டான் ஜெரால்ட்.

“தட்டிட்டோம்ப்பா. திறக்கல.”

“உள்ள யாருக்கா இருக்கா?”

‘டைப்பிங்’ என்று வருவதும் மறைவதுமாக இருந்தது.

“உங்கம்மாதாம்ப்பா. கதவை உடைக்கட்டுமா?”

மஸ்கட்டில், தொழிலாளர் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜெரால்ட் ‘உடைங்க’ என்று அடிக்க எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்குள் எதிர்வீட்டு சித்தீக் பாய் முந்திக்கொண்டார்.

“உடைச்சாச்சு தம்பி. நீங்க டிக்கெட் போடுங்க.”