ஊதா நாக்கு

நரம்பு செல்கள் சாகாமல் காக்கும் நாவல்பழச் சாற்றைத் தினமும் குடித்து அந்த அடுக்ககத்தில் எல்லோருக்கும் நாக்கு ஊதாவாகிவிட்டது. தன் கணவர் சபேசனுக்கு மட்டும் மறதி ஏறிக்கொண்டே போவது ஏனென்று குமுதினிக்குப் புரியவில்லை. இன்று பால்கனியில் துளசித் தொட்டியின் மண் ஊதாவாக இருந்தது.

"நாக்க நீட்டுங்க."

அதில் ஊதா துளிகூட இல்லை.

"கோவிச்சுக்காத குமுதி. நம்ம பையன் செத்தத மறந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் ஊத்தியிருப்பேனே!"

அதற்குமேல் சாறு கொடுத்தும் பலனில்லை. ஆடி முடிவதற்குள் மகனின் படத்தைக் காட்டி, "யாரும்மா இது? நல்லா சிரிக்கிறானே!" என்றார்.

குமுதினி தன் டம்ளரோடு துளசித் தொட்டியருகே போய் நின்றாள். பிறகு கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவளும் ஊற்றிவிட்டால் அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?