குளிரில் பற்றிய இஞ்சின்

வில்பட்டியில் இப்போதுதான் விடிந்திருக்கிறது. கேரட் கழுவும் கொட்டகைக்கு வெளியே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. உள்ளே, பானெட் திறந்த பழைய கார். அதன் இஞ்சினை ஜோதிமணி பதினான்கு மாதமாகத் தன் கையாலேயே கட்டியிருக்கிறாள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும் அவள் பொருத்தியதுதான். இது பெட்ரோலில் அல்ல, எத்தனாலில் ஓட வேண்டும். ஆனால் எத்தனால் குளிரில் லேசில் பற்றாது. இரண்டு முறை சாவியைத் திருப்பியும் இஞ்சின் முனகி அடங்கிவிட்டது. காய்கறி வண்டிக்குக் காத்திருப்பவர்கள் வாசலில் கூடி எட்டிப் பார்க்கிறார்கள். ஜீப் ஓட்டும் அண்ணன் சண்முகராஜ் பெட்ரோல் கேனோடு வருகிறார்.

"ஒரு மூடி ஊத்திப் பாப்பமாத்தா? எல்லாரும் பாக்குறாங்க."

"வேணாம்ணே. எத்தனால்லயே கெளம்பணும். இல்லாட்டி நான் கட்டுனதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் விறைத்த விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு, இஞ்சினோடு இணைத்திருக்கும் லேப்டாப்பில் எரிபொருளின் அளவைக் கூட்டுகிறாள். மறுபடி சாவியைத் திருப்புகிறாள். இஞ்சின் இருமுகிறது, திணறுகிறது, சட்டென்று பிடித்துக்கொள்கிறது. தகரக் கூரை அதிர்ந்து பனித்துளிகள் உதிர்கின்றன. சூடேறியதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறாள், டர்போ விசிலடிக்கிறது. புகையில் பெட்ரோல் நெடி இல்லை, லேசான இனிப்பு வாசம். ஜோதிமணி சிரிக்கவில்லை. கண் நிறைய மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எந்த ஊரு மெக்கானிக்குப்பா வந்து கட்டுனது?" என்று வாசலில் ஒருவர் கேட்கிறார்.

"எந் தங்கச்சிங்க!" என்கிறார் சண்முகராஜ், இஞ்சின் சத்தத்துக்கு மேலே, தேவைக்கு அதிகமாகவே கத்தி.