விசில் கொடுத்துவிட்டுத்தான்

திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, நர்சிங் மாணவி முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். சூடு பதமாக இருந்தது.

"உன்னால முடியுமா, இல்ல நான் பண்ணட்டுமா?" என்றார் பயிற்சி கொடுக்கும் சிஸ்டர்.

"நானே பண்ணிடறேன் சிஸ்டர்."

கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வார்டே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். வாய் கொஞ்சம் நீளம்.

செய்முறைத் தேர்வன்று அவள், பயிற்சிக்கூடத்துப் பொம்மையைப் புரட்டிய பழக்கத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைப் புரட்டிவிட்டாள். "விசில் குடுக்காம வண்டிய எடுப்பியாம்மா?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு முட்டை.

இன்றும் சொதப்பினால் பழையபடி பொம்மையிடம் போக வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. வெளியே பெஞ்சில் கண்டக்டருடைய மகன் உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தவர். அவர் கண்ணுக்கு அப்பா பளிச்சென்று இருக்க வேண்டும்.

"முகம் துடைக்கறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் துணியைப் பிழிந்தாள்.

கையைத் தொடும் முன் ஒரு வார்த்தை. காலைத் தொடும் முன் ஒரு வார்த்தை. துடைக்கிற இடம் தவிர மற்றதெல்லாம் போர்வைக்குள்ளேயே இருந்தது.

புரட்டும்போது தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அலுங்காமல் குலுங்காமல் திரும்பினார். சபாஷ் என்று அவளே தன்னை மெச்சிக்கொண்டாள்.

கன்னத்தை மழித்தாள். அவர் எடுக்கிற பக்கமே வகிடு எடுத்தாள். தண்ணீர் ஆறிப்போச்சு, சோப்பு நாறுது என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுவார். இன்று குறை சொல்ல அவள் எதையும் விட்டுவைக்கவில்லை.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கடைசியாக, சொல்லிக்கொடுத்தபடியே, நர்ஸைக் கூப்பிடுகிற மணியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

சிஸ்டர் குனிந்து அந்த மணியை எடுத்தார். ஒயரைச் சுருட்டிச் சுவரில் மாட்டினார்.

அப்போதுதான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொன்னபோதுகூட அவள் அழவில்லை.

இனிமேல் தனியாகவே செய்யலாம் என்றார் சிஸ்டர். அவள் தலையை ஆட்டினாள்.

மகன் உள்ளே வந்து நின்றார். அப்பாவின் வகிட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு தள்ளுவண்டி வந்தது. கூட வந்தவர்கள் தூக்கக் கை நீட்டினார்கள். கொஞ்சம் இருங்கள் என்று சைகை காட்டிவிட்டு, அவள் கண்டக்டரின் காதருகே குனிந்தாள்.

"போலாம் ஐயா. ரைட்."