ஓரத்தில் ஓடுகிறவன்

"இந்த டிவி என்னை ஏமாத்துது மச்சான்! நாலு பக்கமும் வெட்டிட்டுத்தான் காட்டுது. அதான் இவகிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன்."

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் மச்சானுக்குத் தொழில். அக்காவின் கணவர் கூப்பிட்டதும் வந்திருந்தான். காய்ச்சலுக்காக லீவு போட்டிருந்த மகள், சோபாவில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, அப்பாவும் மகளும் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!" என்று சிரித்தபடி திரையைப் பார்த்தவன் நிமிர்ந்தான். மேலே இருந்த ஸ்கோரில் பாதியைக் காணோம்.

"இல்ல அத்தான், நீங்க சொல்றது சரிதான். கம்ப்யூட்டரை மாட்டினா சில டிவி படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, ஓரத்தை வெளியே தள்ளிடும்."

"பாத்தியா? அப்பா மேல தப்பே இல்ல!"

மகள் பழிப்புக் காட்டினாள்.

மச்சான் ரிமோட்டை வாங்கி டிவியில் படத்தின் அளவை மாற்றினான். ஸ்கோர் முழுசாக வந்தது. மூலையில் ஒளிந்திருந்த, மைதானத்தின் குட்டி வரைபடமும் வந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. மகளின் ஆள் இடது ஓரமாகவே ஓடிவந்து கோல் போட்டான்.

"இவன் எங்கேருந்து முளைச்சான்? இன்னும் வெட்டுதே!"

"முழுசா தெரியுதேப்பா! சும்மா சாக்கு சொல்லாதீங்க."

"சத்தியமா தெரியலடி."

மச்சான் கம்ப்யூட்டரில் படத்தை இன்னும் சுருக்கினான். சுற்றிலும் கறுப்பாகப் பட்டை விழுந்தது. அப்போதும் அவர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி சுருக்கினான். மறுபடியும். அவ்வளவு பெரிய டிவியின் நடுவில் ஒரு தட்டு அளவுக்குப் படம் ஒடுங்கியபோது அவர் முகம் மலர்ந்தது.

"ஆங்! இப்பதான் எல்லாம் தெரியுது. கைராசிக்காரன்டா நீ!"

"அப்பா, இதுக்கு செல்போன்லயே விளையாடலாம்!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மச்சான் சிரிக்கவில்லை. அவர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், என் மூக்கையே பாருங்க. கண்ணை அசைக்காதீங்க. விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

கையை அவர் காதுக்கு நேராக நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே மெல்ல முன்னால் கொண்டுவந்தான். அவர் பேசவில்லை. விரல் கன்னத்தைத் தாண்டியது. ஏறக்குறைய மச்சானின் முகத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகே, "இப்ப தெரியுது" என்றார்.

மறுபக்கமும் அப்படித்தான்.

"அப்பா இப்பல்லாம் கதவுல கூட இடிச்சுக்கறாரு மாமா. பக்கத்துல வச்ச டம்ளரைத் தட்டி விட்டுட்டு, என்னைத் திட்டறாரு" என்றாள் மகள்.

"எத்தனை நாளா அத்தான் இப்படி?"

அவர் தன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, அவற்றைத் தேடுவதுபோல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலையே... எல்லாருக்கும் இவ்வளவுதான் தெரியும்னு நினைச்சேன்."

மச்சான் எழுந்தான். "ஒண்ணும் பயப்படாதீங்க. இப்பவே கண் டாக்டர்கிட்ட போயிடலாம். நான் கூட வரேன்."

"சரியாயிடும்ல?"

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "என்னங்க, இன்னுமா கிளம்பல? பள்ளிக்கூடம் விடற நேரமாச்சு. பிள்ளைங்க எல்லாம் வாசல்ல உங்க பஸ்ஸுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கும்!"

அவர் சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்தார். அதை மச்சானின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"வேற டிரைவரை அனுப்பச் சொல்லி போன் போடு... காலையில அத்தனை பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு நான்தான்டா பஸ்ஸை ஓட்டினேன்."